தானியப் பெட்டியும் மில் ஸ்டூலும்: பீளமேட்டில் ஒரு வீடு

பீளமேட்டில் 1984ல் கட்டிய தனி வீடு. தரைத்தளம் மட்டும், 1,150 சதுர அடி. மொசைக் தரை, கம்பி போட்ட ஜன்னல்கள், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லோடு ஒரு சின்ன வெளி. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பதினொரு வயதில் பெண், ஆறு வயதில் பையன். கணவரின் அம்மா காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து தங்கினார். எட்டு மாதம் கழித்து மனைவியின் அப்பாவும் வந்து சேர்ந்தார். ஒரு நூற்பாலையில் முப்பத்து மூன்று வருடம் ஃபிட்டராக இருந்தவர். தன் மனைவி இறந்த பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை.

இருவரும் வெறுங்கையோடு வரவில்லை. வீட்டு உள் அலங்காரம் செய்கிற என்னைக் கூப்பிட்டதே அதனால்தான்.

அம்மாவோடு ஒரு டெம்போ நிறைய வந்தவை இவை: வேப்ப மரத்தில் செய்த, கால் வைத்த தானியப் பெட்டி ஒன்று, நாலரை அடி நீளம். கயிற்றுக் கட்டில். முக்காலி இரண்டு. ஆறடிப் பெஞ்சு ஒன்று. இடிந்துபோன சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், இரட்டைக் கதவு. மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்று, ஜோடி இல்லாமல்.

அப்பாவின் சாமான் முழுக்க மில்லிலிருந்து வந்தது. மில்லை மூடி எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டபோது, எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். இரும்பு ஸ்டூல் நான்கு, வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி) பூட்டிய பட்டறை மேஜை, எனாமல் பூசிய விளக்கு மூடிகள் மூன்று, நூல் சுற்றும் மரப் பாபின் ஒரு சாக்கு, பஞ்சுத் திரியைப் பிடித்து வைக்கிற, ஆள் இடுப்புக்கு மேல் உயரமான ஸ்லைவர் கேன் இரண்டு, வார்ப்பிரும்பு மேஜைக் கால்கள் ஒரு ஜோடி, நாலு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று.

நான் முதல் தடவை போனபோது எல்லாம் ஹாலிலேயே குவிந்து கிடந்தன. அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். “சம்பந்தி இந்த இரும்பெல்லாம் கொண்டாந்து வீட்டுக்குள்ளயே மில்லு ஓட்டப் போறாருங்களா தம்பி?” என்று என்னைக் கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். “அவங்க பெட்டியை நகத்த நாலு ஆளு வேணுமுங்க. என்ற ஸ்டூலை ஒத்தக் கையில தூக்கலாம்” என்றார். மகனும் மகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். எதையும் வெளியே போடக் கூடாது, வீடும் வீடாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

இந்த ஊரில் இரண்டும் ஒரே வீட்டுச் சாமான்

‘இண்டஸ்ட்ரியல் ஸ்டைல்’ என்று இன்று சொல்கிற அலங்காரம் நியூயார்க்கில் பேர் வாங்கியது. அங்கே சோஹோ பகுதியில் காலியான தொழிற்கூடங்களில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். வாடகை குறைவு, ஜன்னல்கள் பெரியவை. கலைஞர்கள் அப்படிக் குடியிருப்பதை 1971ல் அந்த நகரம் சட்டப்படி ஒப்புக்கொண்டது. பிறகு பூசாத செங்கல் சுவரும் வெளியே தெரியும் குழாய்களும் நாகரிகமாகிவிட்டன. 1934ல் பிரான்சில் வடிவமைத்த தகர நாற்காலி ஒன்றின் நகல்களை இன்று கோவையின் பல காபிக் கடைகளில் பார்க்கலாம்.

கோவைக்கு இதை எங்கிருந்தும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888ல் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. அவற்றில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுற்று வட்டாரக் கிராமத்து ஆட்கள். மழை ஏமாற்றிய வருடம் ஒருவர் மில்லுக்குப் போவார், தம்பி தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார். ஷிப்டு முடிந்து வந்தவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் படுப்பார். மில் சங்கு ஊதுவதை வைத்து அடுப்புப் பற்ற வைத்த வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. கயிற்றுக் கட்டிலும் இரும்பு ஸ்டூலும் ஒரே திண்ணையில் கிடந்தவைதான்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் எனக்கு வேலை இரண்டு ‘ஸ்டைல்’களைக் கலப்பது இல்லை என்று புரிந்ததே இதனால்தான். இரண்டு பேரின் உழைப்புச் சாமான்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு மறுபடியும் வேலை கொடுக்க வேண்டும். வேலை இல்லாமல் சும்மா நிற்கிற பழம்பொருள் கொஞ்ச நாளில் தூசி பிடிக்கும், அப்புறம் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். அதனால் ஒவ்வொரு சாமானுக்கும் ‘இது எங்கே அழகாக இருக்கும்’ என்று யோசிப்பதற்கு முன் ‘இதற்கு இந்த வீட்டில் என்ன வேலை’ என்று எழுதிக்கொண்டேன்.

முதலில் செய்த தவறு

சரி, அப்படி எழுதிக்கொண்ட பிறகும் முதல் அமைப்பைக் கெடுத்தேன். இரண்டு பெரியவர்களுக்கும் மனக்குறை வரக் கூடாதே என்று ஹாலில் பாதி மரம், பாதி இரும்பு என்று பிரித்து வைத்தேன். பெட்டிக்கு எதிரே பட்டறை மேஜை. பெஞ்சுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி. சுவரில் சக்கரம், அதற்கு எதிர்ச் சுவரில் பாபின் வரிசை.

பதினாலுக்குப் பன்னிரண்டு அடி ஹால் அது. குடோன் மாதிரி இருந்தது. எங்கே உட்கார்ந்தாலும் எதிரே ஒரு கனமான சாமான் நின்றுகொண்டிருந்தது. தள்ளுவண்டியைப் பையன் முதல் நாளே ஓட்டிப் பார்த்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். இரும்பு ஸ்டூலை இழுத்தால் மொசைக்கில் கேட்ட சத்தத்துக்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

பத்து நாளில் எல்லாவற்றையும் கலைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர்தான் தலைமை என்று வைத்துக்கொண்டேன். ஹாலுக்கு மரம் தலைமை. அங்கே இரும்பு என்றால் மேலே தொங்கும் விளக்கும், ஓரமாக ஒரு ஸ்டூலும் மட்டும். சமையலறையிலும் பின் வராந்தாவிலும் இரும்பு தலைமை, அங்கே மரம் துணைக்கு வரும். சாப்பாட்டு மேஜையில் மட்டும் இரண்டும் சரிக்குச் சரி. அது வீட்டின் நடுவில் இருக்கிறது, எல்லாரும் சேர்ந்து உட்காரும் ஒரே இடமும் அதுதான்.

சுவர்களுக்கு வெறும் வெள்ளைக்குப் பதிலாகக் கொஞ்சம் மஞ்சள் கலந்த சுண்ணாம்பு நிறம் அடித்தோம். நீல வெள்ளைச் சுவருக்கு முன்னால் இரும்பு ஆஸ்பத்திரிக் கட்டில் போலத் தெரியும், வேப்ப மரம் அழுக்காகத் தெரியும். தரைக்குப் பவானி ஜமுக்காளம் இரண்டு. மரத்தையும் இரும்பையும் கண்ணுக்குச் சேர்த்து வைக்க அந்தப் பட்டைக் கோடுகளைப் போல் உதவியது வேறு எதுவும் இல்லை. தறியில் நெய்த பருத்தி, தோட்டத்துக்கும் சொந்தம், மில்லுக்கும் சொந்தம்.

மேஜை வெடித்த கதை

இந்த வீட்டில் நான் அதிகம் கற்றுக்கொண்டது சாப்பாட்டு மேஜையில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாளையின் கதவு வாகை மரம். இரண்டு கதவுகளையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் ஆறடி நீளம், மூன்றரை அடி அகலம். எட்டுப் பேர் உட்காரலாம். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கை பட்டுப் பட்டு வழவழப்பான ஒரு குழி. அதை நிரப்பக் கூடாது என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். கீழே மில்லின் வார்ப்பிரும்புக் கால்கள். நடுவில் அகலவாட்டில் மூன்று எல் ஆங்கிள் போட்டு, வெல்டர் ஒருவர் சட்டம் செய்து கொடுத்தார். பலகையைச் சட்டத்தின் மேல் வைத்து, ஆங்கிளுக்கு நாலு போல்ட் வீதம் பன்னிரண்டு போல்ட் போட்டு இறுக்கினோம். அசைத்தால் அசையவில்லை. நல்ல வேலை என்று நினைத்தேன். அது நவம்பர் மாதம், அடைமழைக் காலம்.

மார்ச்சில் போன் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் ‘பட்’டென்று சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்திருக்கிறார்கள். மேஜையில் ஒரு முனையிலிருந்து இரண்டடி நீளத்துக்குப் பிளவு. பத்து ரூபாய் நாணயத்தை உள்ளே விடலாம்.

தச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். அறுபது வயதுக்காரர், பேச்சு குறைவு. மேஜைக்குக் கீழே குனிந்து போல்ட்களைப் பார்த்தார். “மரம் செத்தாலும் அசையுமுங்க தம்பி. நீங்க அதைக் கட்டிப் போட்டுட்டீங்க” என்றார்.

அவர் சொன்னதன் விவரம் இது. பலகை காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயில் காலத்தில் அதை விட்டுச் சுருங்கும். நார் ஓடுகிற நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. நாருக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில், நன்றாகவே தெரியும். மூன்றரை அடி அகலம் என்றால் மழைக்கும் கோடைக்கும் நடுவே கால் அங்குலம், சில சமயம் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். இரும்பு ஈரத்துக்கு அசையாது. சூட்டில் அது விரிவதும் மயிரிழை அளவுதான். மழைக்காலத்தில் உப்பிய பலகையை அசையாத இரும்போடு அகலம் முழுக்க இறுக்கிவிட்டால், கோடையில் சுருங்க அதற்கு வழி இல்லை. வெடிக்கத்தான் செய்யும். மரத்தோடு மரம் சேர்த்துச் செய்த பழைய பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. பலகைகள் சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் (காடியில்) சும்மா நிற்கும், ஆணி அடித்து இறுக்கியிருக்காது. மரத்தையும் இரும்பையும் சேர்க்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். எனக்கு ஒரு மேஜை வெடித்த பிறகுதான் தெரிந்தது.

சரிசெய்த விதம்: ஒவ்வொரு ஆங்கிளிலும் நடுத் துளை ஒன்றை மட்டும் அப்படியே விட்டு, மற்றதையெல்லாம் அகலவாட்டில் முக்கால் அங்குலத்துக்கு நீட்டித் துளைத்தோம். பெரிய வாஷர் போட்டு, கையால் திருகும் அளவுக்கு மேல் இறுக்காமல் விட்டோம். இப்போது பலகை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தன் இஷ்டத்துக்கு நகரும். பிளவை மக்கு வைத்து மூட எனக்கு விருப்பம் இல்லை. தச்சர் உடுக்கை வடிவத்தில், இரண்டு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கிய மூன்று மரத்துண்டுகளை வெட்டி, பிளவுக்குக் குறுக்கே பதித்தார். கருப்பாக இருக்கும் கருவேலத்தின் உள்மரம் அது. பிளவு இன்னும் தெரிகிறது, ஆனால் நீளவில்லை. இரண்டு கோடை தாண்டிவிட்டது.

அந்தப் பெண் குழந்தை வீட்டுப் பாடம் எழுதும்போது அந்த உடுக்கைத் துண்டுகளைத் தடவிக்கொண்டே எழுதுகிறாள். மூன்றும் இப்போதே மற்ற இடத்தைவிடப் பளபளக்கின்றன.

கருப்புக் கறையும் கடுக்காயும்

அதே மேஜையில் இன்னொரு தொந்தரவும் வந்தது. அலங்காரத்துக்காக மேலே தெரியும்படி விட்டிருந்த நாலு இரும்புக் குமிழ்களைச் சுற்றி ஒரு மாதத்தில் மைக்கறை போலக் கருவளையம் விழுந்தது. துடைத்தால் போகவில்லை. மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்து ஈரத்தோடு இரும்பைச் சந்தித்தால் இப்படிக் கருக்கும். அந்தக் காலத்து எழுத்து மையும், துணிக்குப் போடும் கருப்புச் சாயமும் இதே முறையில்தான் செய்யப்பட்டன. ஈரத் தட்டு வைக்கிற மேஜையில் இரும்பு மரத்தைத் தொடவே கூடாது.

குமிழ்களைக் கழற்றிவிட்டுப் பித்தளையில் மாட்டினோம். கறையை ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீரில் தச்சரே எடுத்தார். விஷம் அது. கையுறை போட்டு, குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் செய்து, பிறகு நாலைந்து தடவை கழுவ வேண்டும். அடியில் சட்டமும் பலகையும் தொடும் இடங்களில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நடுவில் வைத்தோம்.

ஆனால் இதே குணம் இரும்புக்கு நன்மையாகவும் முடிந்தது. ஸ்டூல்களின் துருவை முழுக்கச் சுரண்டிப் பெயின்ட் அடித்தால் புதுக் கடைச் சாமான் மாதிரி ஆகிவிடும். துருவோடு விட்டால் வேட்டியில் கறை. அப்பாதான் யோசனை சொன்னார்: “கடுக்காய்த் தண்ணி தடவிப் பாருங்க.” கம்பி பிரஷ்ஷால் உதிரும் துருவை மட்டும் எடுத்துவிட்டு, இடித்த கடுக்காயை ஊற வைத்துக் காய்ச்சிய தண்ணீரைத் துணியால் தடவினோம். கண் எதிரே சிவப்பு, ஊதா கலந்த கருப்பாக மாறியது. இரண்டு கை தடவிக் காய்ந்த பிறகு, தேன்மெழுகைச் சூடாக்கித் தேய்த்து முடித்தோம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மெழுகு மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். மழை படும் இடத்தில் இது நிற்காது. வீட்டுக்குள் தாராளமாக நிற்கும்.

மரச் சாமான்களுக்கு லின்சீட் ஆயில் மட்டும். பாலிஷ் இல்லை. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காய வைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

பெயின்டும் உளுவும்

பட்டறை மேஜையின் இரும்புப் பாகங்களில் பழைய பச்சைப் பெயின்ட் தடிமனாக இருந்தது. பார்க்க அருமையான நிறம். ஆனால் வீட்டில் ஆறு வயதுப் பையன். பழைய எனாமல் பெயின்டுகளில் ஈயம் இருப்பது சாதாரணம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. அதனால் உலர்ந்த நிலையில் எமரித்தாள் போடவே விடவில்லை. வெளியே எடுத்துப் போய், பெயின்ட் கரைக்கும் பசை தடவி, ஈரத்தோடு வழித்து, வழித்ததைத் தனியாகக் கட்டிப் போட்டோம். அந்தப் பச்சை போனதில் எனக்கு வருத்தம்தான். அப்பாவுக்கு என்னைவிட அதிகம். “முப்பது வருசம் பார்த்த கலருங்க” என்றார். பேரன் விஷயம் என்றதும் சரி என்று விட்டுவிட்டார்.

தானியப் பெட்டியில் உளு இருந்தது. பெட்டிக்குக் கீழே முகப்பவுடர் போன்ற மெல்லிய மரத்தூள். துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் தூள், அப்படியென்றால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. கால்களிலும் அடிப்பலகையின் வெளிப்பக்கத்திலும் மட்டும் ஊசியால் மருந்து செலுத்தினோம். உள்பக்கம் தொடவில்லை. அதில் இப்போது ஜமுக்காளமும் போர்வைகளும் விருந்தாளி வந்தால் போடுகிற மெத்தைகளும் இருக்கின்றன. தானியம் வைப்பதாக இருந்தால் அந்தப் பெட்டிக்கு மருந்தே போட்டிருக்க மாட்டேன். கடும் வெயிலில் நாள் கணக்கில் வைத்து முயன்றிருப்பேன்.

விளக்கு

எனாமல் மூடிகள் மூன்றும் வெளியே கரும்பச்சை, உள்ளே வெள்ளை. அங்கங்கே சில்லு போயிருக்கிறது, அப்படியே விட்டோம். ஆனால் ஒயரிங்கில் பழையது எதையும் வைத்துக்கொள்ளவில்லை. துணி சுற்றிய பழைய ஒயர் தொட்டால் பொடிந்தது. புது ஒயர், பீங்கான் ஹோல்டர், மூடியின் இரும்பு உடம்புக்குத் தனியாக எர்த். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டினோம். உலோக விளக்கை வீட்டில் மாட்டுகிற யாரும் இதில் செலவைப் பார்க்காதீர்கள்.

முதலில் வெள்ளை வெளிச்சம் தரும் பல்பு போட்டிருந்தார்கள். “ராத்திரி ஷிப்டு மாதிரி இருக்குது” என்று அப்பாவே சொன்னார். 2700 கெல்வின் மஞ்சள் பல்புக்கு மாற்றினோம். மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கைப் பலகையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கினோம். உட்கார்ந்தால் பல்பு கண்ணில் படாது, தட்டில் மட்டும் வெளிச்சம் விழும். வாகை மரத்தின் நார் அந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

யார் எதை எடுத்துக்கொண்டார்கள்

ஸ்டூல்களின் உயரம் 24 அங்குலம். சாப்பாட்டு மேஜை 30 அங்குலம். மேஜைக்கும் உட்காருமிடத்துக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி இல்லாவிட்டால் முழங்கால் இடிக்கும், சோறு பிசைய முடியாது. காலை வெட்டிக் குட்டையாக்கலாம் என்று வெல்டர் சொன்னார். வேண்டாம் என்றேன். மேஜைக்கு அம்மாவின் பெஞ்சும் சாதாரண நாற்காலிகளும் போதும். இரண்டு ஸ்டூல் சமையலறை மேடைப் பக்கம் போனது. காய் நறுக்கும்போது நின்றும் நிற்காமலும் சாய்ந்து உட்கார அந்த உயரம் சரியாக இருக்கிறது. ஒன்று ஹாலில் போன் வைக்க. இன்னொன்று பின் வராந்தாவில். நாலுக்கும் காலில் ரப்பர் புஷ் மாட்டியாயிற்று.

பட்டறை மேஜையைச் சமையலறையில் போடலாம் என்று முதலில் மருமகள் ஆசைப்பட்டார். பலகையில் முப்பது வருட மிஷின் ஆயில் ஊறியிருந்தது. எவ்வளவு சீவினாலும் வெயில் காலத்தில் மேலே கசியும். சாப்பாட்டுப் பொருள் வைக்கிற இடத்துக்கு அது ஆகாது. அது பின் வராந்தாவுக்கே போனது, அப்பாவோடு. இப்போது அக்கம்பக்கத்து மிக்ஸி, டேபிள் ஃபேன், குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் அங்கேதான் வருகின்றன. வைஸின் கைப்பிடிக் கம்பி மட்டும் வெள்ளி போல மின்னும், மற்ற இடமெல்லாம் கருப்பு. அவர் உள்ளங்கை பட்டதால் வந்த மினுக்கம் அது.

பாபின்களைச் சுவரில் மாட்டும் கொக்கிகளாக்கினோம். ஒரு வேப்பம்பலகையில் பன்னிரண்டு பாபின், கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து. பள்ளிப் பை, குடை, ஹெல்மெட் எல்லாம் அதில் தொங்கும். ஒவ்வொரு பாபினின் நுனியிலும் ஒரு நிற வளையம் இருக்கும். நூல் கவுண்டு (நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண்) கலந்துவிடாமல் இருக்க மில்லில் போட்ட அடையாளம், மில்லுக்கு மில் மாறும். பையன் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டான். “பச்சை நாப்பது, செவப்பு அறுவது” என்று எனக்கே பாடம் எடுத்தான். நாற்பதைவிட அறுபது மெல்லிய நூல் என்றும் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, “ஒரே எடைக்கு அது நீளமா வரும் அங்கிள்” என்றான். சரியான விடை.

ஸ்லைவர் கேன் விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. கார்டிங்கில் (பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் இயந்திரத்தில்) இருந்து வரும் பஞ்சுத் திரியை வளைய வளையமாகப் பிடித்து வைக்கிற உயரமான டப்பா அது. உள்ளே அடியில் ஸ்பிரிங், அதன் மேல் ஒரு வட்டத் தட்டு. பஞ்சு நிறைய நிறையத் தட்டு கீழே இறங்கும், எடுக்க எடுக்க மேலே வரும். இதைக் குடை வைக்கக் கதவு ஓரம் போடலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிடவும் சொல்லியிருந்தேன்.

அதற்குள் ஒருநாள் அம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளை அதில் போட்டிருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. துணியைப் போடப் போடத் தட்டு இறங்கியது. மடிக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தால் அடுத்த துணி கைக்கு எட்டும் உயரத்துக்கு எழுந்து வந்தது. கடைசித் துண்டு வரை குனியவே இல்லை. அன்று சாயங்காலம் நான் போனபோது என்னைக் கூப்பிட்டு இரண்டு தடவை செய்து காட்டினார். “யாரு யோசிச்சு வெச்சாங்களோ, நல்லா இருக்கோணும்” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஏனுங்க சம்பந்தி, அந்த இன்னொண்ணையும் என்ற ரூமுக்குக் கொண்டாந்து வெச்சுருங்க” என்றார். அப்பா ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டு, விளிம்பில் நகம் மாட்டாமல் இருக்கத் துணி நாடா சுற்றி, அன்று ராத்திரியே கொண்டுபோய் வைத்தார்.

தானியப் பெட்டியின் கீலும் அதே வாரத்தில் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூடியைத் திறந்தபோது மிஷின் ஆயில் வாசம் வந்ததால் கண்டுபிடித்தேன்.

இன்னொரு தடவை செய்தால்

மேஜையை மழைக்காலத்தில் செய்யமாட்டேன். செய்தே ஆகவேண்டும் என்றால் பலகையை அந்த வீட்டுக்குள்ளேயே இரண்டு மாதம் படுக்கப் போட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். விளக்கு மூடிகள் மூன்றையும் மாட்டியிருக்க வேண்டாம், அந்த உயரக் கூரைக்கு இரண்டே போதும். தள்ளுவண்டியின் சக்கரங்களை முதல் நாளே பூட்டியிருக்க வேண்டும். இப்போது அது வெளியே கறிவேப்பிலை, துளசித் தொட்டிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. வெயிலுக்கு ஏற்றபடி அம்மா தள்ளி வைத்துக்கொள்கிறார். கயிற்றுக் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வராந்தாவில் போட்டோம், அதில் வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வண்டிச் சக்கரத்துக்கு மட்டும் வேலை கிடைக்கவில்லை. கண்ணாடி போட்டு டீப்பாயாக்கலாம் என்றார்கள், விளக்காகத் தொங்கவிடலாம் என்றார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அந்த வண்டியில்தான் கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்ததாகச் சொன்னார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறோம். மழைச்சாரல் படாமல் மேலே ஒரு தகரம் அடித்துக் கொடுத்திருக்கிறார் அப்பா.